காளிக்குக் கல், நாய்க்காரனுக்குக் கால்கடுப்பு

வேட்டைக்குப் போகிற ராஜாவின் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் குதிரை, குதிரைமேல் ராஜா, ராஜாவின் கையில் வேல். ஓரத்தில் சின்னதாக இரண்டு நாய்கள். ஓவியருக்குக் கூலி கொடுத்தவர் ராஜா என்பதால் இந்த அளவுகள். காட்டுக்குள் நடந்தது வேறு. முன்னால் ஓடியது நாய். அது போன பக்கமெல்லாம் போனவர் ராஜா. இருவருக்கும் பின்னால் சங்கிலியையும் தண்ணீரையும் நாய்த்தீனியையும் சுமந்துகொண்டு, முள் குத்திய காலோடு ஒருவன் ஓடினான். அவனை ஓவியர் விட்டுவிட்டார். இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஆக, வேட்டை வரலாற்றில் மூன்று பேர்: நாய், நாயின் சொந்தக்காரர், நாய்க்காரன். நாய்க்குப் பெயர் உண்டு. சொந்தக்காரருக்குப் பெயரும், பட்டமும், பட்டத்துக்கு முன்னால் இன்னொரு பட்டமும் உண்டு. மூன்றாமவனுக்கு ‘ஏலே’. நாய் சொந்தக்காரரை ஆட்டிவைத்தது. சொந்தக்காரர் நாய்க்காரனை விரட்டினார். நாய்க்காரன் நாய்க்குக் கால் பிடித்துவிட்டான். 2,400 ஆண்டுகளாக இப்படியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். அதனால் நாய்களைத் தாங்களே பழக்கியதாக எழுதிக்கொண்டார்கள்.

முதலில் எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர் கிரேக்கத்துச் செனபோன். சாக்ரடீஸிடம் பாடம் கேட்டவர். பாரசீகத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட பத்தாயிரம் கூலிப்படை வீரர்களைக் கருங்கடல்வரை நடத்திக் கூட்டிவந்தவர்களில் ஒருவர். இவ்வளவு பெரிய மனிதர் எழுதிய வேட்டைக் கையேட்டில் பெரும்பகுதி எதைப் பற்றி? முயல். முயலின் தடம், முயல் படுக்கும் விதம், முயல் காதை மடக்கும் விதம். முயல் ஓடுகிற அழகைப் பார்த்தால் மனிதன் தன் காதலையே மறந்துவிடுவான் என்கிற அளவுக்குப் போகிறார். அவர் வீட்டு அம்மாள் அதைப் படித்தாரா என்பதற்குக் குறிப்பு இல்லை.

நாய்க்குப் பெயர் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கூப்பிட வசதி என்று சொல்லி, மாதிரிக்கு 47 பெயர்களை வரிசையாகத் தருகிறார். அதோடு நில்லாமல் நாய்களின் குணக்கேடுகளையும் பட்டியலிடுகிறார். சில நாய்கள் பொய்த்தடத்தை மெய்த்தடம் என்று குரைத்து மற்ற நாய்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சில, வெயில் ஏறியதும் வேலையை விட்டுவிடும். சில நாய்களோ மனிதர்மேல் வைத்த பாசத்தால் துரத்தலைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். இந்தக் கடைசி வகையைச் செனபோன் குறை என்கிறார். நாய் ஏற்கெனவே ஆளை எடைபோட்டுவிட்டது என்பது அவருக்குப் புரியவில்லை.

அவருடைய நாய்கள் முயலை ஓடிப் பிடிக்கிற வேகம் உள்ளவை அல்ல. முயலை விரட்டி வலையில் தள்ளுவதுதான் முறை. எனவே வலைக்காரன் ஒருவன் வேண்டும். அவனுக்கான தகுதிகளையும் சொல்கிறார்: கிரேக்கம் பேச வேண்டும், வயது இருபதை ஒட்டி இருக்க வேண்டும், உடலில் சுறுசுறுப்பும் பலமும் வேண்டும், மன உறுதி வேண்டும். நாய்களுக்கு 47 பெயர். வலைக்காரனுக்கு ஆள்தேவை விளம்பரம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த வேலையும் போயிற்று. போக்கடித்தவர் அர்ரியன். அலெக்சாந்தர் நம் போரஸோடு ஜீலம் கரையில் மோதிய கதை இன்று நமக்கு இத்தனை விவரமாகத் தெரிவதற்கு இவர் எழுதிய நூல்தான் பெரிய காரணம். ஹாட்ரியன் பேரரசரின்கீழ் கப்படோசியாவின் ஆளுநராக இருந்து அலானியரின் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்தியவர். செனபோனுக்கு மரியாதை செலுத்திவிட்டு, பெரியவருக்குக் கெல்டியரின் வேட்டைநாய்களைப் பற்றித் தெரியாது, பாவம் என்று தம் கையேட்டைத் தொடங்குகிறார். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக இருக்கும் அந்த நாய்கள் முயலை ஓடியே பிடித்துவிடும். வலை எதற்கு?

அர்ரியனின் இளமைக்கால ஆசிரியர் எபிக்டெட்டஸ். எதன்மீதும் பற்று வைக்காதே, சொந்தக் குழந்தையை முத்தமிடும்போதுகூட இது சாகப்போகிற உயிர் என்று நினைத்துக்கொள் எனக் கற்பித்த துறவி மனத்துக்காரர். அந்தப் போதனைகளைக் குறிப்பெடுத்து உலகுக்குத் தந்தவரே அர்ரியன்தான். அப்புறம் வீட்டுக்கு ஹோர்மே வந்தது.

ஹோர்மே ஒரு பெட்டை நாய். இளமையில் நான்கு முயல்களுக்கு ஈடுகொடுத்தது என்கிறார். நாயின் கண் சாம்பல் நிறமாக இருப்பது குறை என்று செனபோன் எழுதியிருந்தார். ஹோர்மேயின் கண்ணோ சாம்பலிலும் சாம்பல். உடனே அர்ரியன் அந்த விதியைத் திருத்திவிட்டார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆளுநர் போனால் அதுவும் போகும். அவர் பயிற்சி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். திரும்பும்போது முன்னால் நடந்து, அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டாரா என்று அடிக்கடி பின்னால் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும். ஒரு மாகாணத்தையே மேய்த்தவரை மேய்க்க ஆள் இருந்தது. வேட்டைநாய் படுக்க மெத்தென்ற வெதுவெதுப்பான படுக்கை வேண்டும், மனிதனோடு ஒரே படுக்கையில் படுத்தால் எல்லாவற்றிலும் உத்தமம் என்றும் பரிந்துரைக்கிறார். வேட்டை நன்றாக அமைந்தால் குதிரையிலிருந்து இறங்கி, தலையைத் தடவி, முத்தம் கொடுத்து, பெயர் சொல்லி ‘சபாஷ்’ போட வேண்டுமாம். பற்றற்ற ஞானத்தை ஒரு நாய் எத்தனை நாளில் தின்று தீர்த்தது என்பதைத்தான் அவர் எழுதவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இந்தக் கதை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் பாதியோடு நின்றுவிட்டது.

கி.பி. 949. இன்றைய அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தக்கோலத்தில் போர். ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன். மறுபக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்கநாட்டுப் பூதுகன். இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். சோழர்கள் தொண்டை மண்டலத்தை இழந்தார்கள். கிருஷ்ணன் தன் கல்வெட்டுகளில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்று போட்டுக்கொண்டான். சோழர் எழுந்து நிற்க அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இதுவரை உங்களுக்குத் தெரியும்.

வெற்றி பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? பரிசு பிரித்தார்கள். இராஜாதித்தனைக் கொன்ற பூதுகனுக்குக் கிருஷ்ணன் கொடுத்த பட்டியல்: வனவாசி 12,000, பெள்வொலம் 300, புரிகெரே 300, கிசுகாடு 70, பாகெநாடு 70. எண்ணெல்லாம் நாட்டுப்பிரிவுகளின் கணக்கு. இன்றைய வடகர்நாடகத்தில் நல்ல துண்டு ஒன்று கைமாறிவிட்டது.

பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன். அவனும் களத்தில் நன்றாகவே அடித்திருக்கிறான். “மெச்சினோம், வேண்டியதைக் கேள்” என்றார்கள். நல்ல நேரம். பேரரசே இளகிக் கிடக்கிறது. ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம், யானை கேட்கலாம், பெண் கேட்டால்கூட இரண்டு பேர் யோசிப்பார்கள். மணலேரன் கேட்டான்: “காளியைக் கொடுங்கள்.”

காளி, ஒரு வேட்டைநாய்.

அரண்மனைக் கணக்கர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நாய் கொடுத்தவர்கள் மனநிலை வேறாக இருந்திருக்கலாம். ஊர் போனால் இன்னொரு ஊரை அடித்துப் பிடிக்கலாம். நல்ல மோப்பமும் நல்ல பிடியும் ஒரே நாயில் அமைவது எப்போது? மணலேரன் விவரம் தெரிந்தவன். நாடு வாங்கினால் வரி வசூலிக்க வேண்டும், கலகம் அடக்க வேண்டும், பக்கத்து நாட்டான் எல்லைக்கல்லைத் தள்ளி வைத்தால் போய்ச் சண்டை போட வேண்டும். காளியை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகலாம்.

ஆதகூர், இன்றைய மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குன்று ஒன்றில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் காளியை ஏவினார்கள். பன்றி வேட்டையில் நாயின் வேலை பன்றியைக் கொல்வது இல்லை. பிடித்து நிறுத்தி, வேல்காரன் வரும்வரை நகரவிடாமல் வைத்துக்கொள்வது. காளி பிடித்தது, விடவில்லை. வேல்காரர்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்களா என்பது கல்லில் இல்லை. கல்லில் இருப்பது இதுதான்: நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று செத்தன.

மணலேரன் ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயில் முன்னால் கல் நட்டான். நாயும் பன்றியும் மோதுகிற சிற்பத்தைக் கல்லில் செதுக்கவைத்தான். கல்லுக்குப் பூசை நடக்க நிலம் விட்டான். நிலத்தை அனுபவிக்கிற பூசாரி கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்று ஒரு சாபத்தையும் வெட்டிவைத்தான். நம் கல்வெட்டுகளில் சாதாரணமாகக் காராம்பசுவைக் கங்கைக்கரையில் கொன்ற பாவம் சேரும். இங்கே காளியின் பாவம். அது என்ன பாவம் செய்திருக்கும்? அரண்மனை அடுக்களையில் ஆட்டுத்தொடை இரண்டை இழுத்திருக்கலாம். பூசாரி பயந்துகொண்டு தினமும் மணியடித்திருப்பார்.

தக்கோலத்தில் இராஜாதித்தன் செத்த சேதியையும் நாம் அந்தக் கல்லில் படிக்கிறோம். ஒரு பேரரசின் சரிவு, ஒரு நாயின் இரங்கல் குறிப்புக்கு முன்னுரையாக வந்து சேர்ந்திருக்கிறது. கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிருஷ்ணன் பெயர், பூதுகன் பெயர், மணலேரன் பெயர், காளியின் பெயர் எல்லாம் உண்டு. அன்று காலை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குன்றேறிய ஆளின் பெயர் இல்லை.

பெரிய இடத்து நாய்க்குக் கல் கிடைத்தது. சின்ன இடத்து நாய்க்கு என்ன கிடைத்தது என்று பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். நார்மானிய மன்னர்கள் நாட்டில் பெரும்பரப்பை ‘அரசரின் காடு’ என்று வளைத்துப்போட்டார்கள். காட்டுக்குள் ஊர், வயல், கோழிக்கூடு எல்லாம் இருந்தன. ஆனால் மான்கள் அரசருடையவை. மான் வந்து பயிரைத் தின்றால் அது அரசாங்க அலுவல். குடியானவன் வீட்டு நாய் மானை விரட்டினால் அது குற்றம். எனவே காட்டு எல்லைக்குள் இருந்த நாய்களின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவது சட்டம். ஓடாத நாய் விரட்டாது அல்லவா?

கொடுமை அதிகம் என்று பிரபுக்களே முணுமுணுக்க, 1217இல் காட்டுச் சாசனம் வந்தது. வெளியிட்ட மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு அப்போது 10 வயது. விடுதலைப் பத்திரம் என்று இன்றும் சட்டக்கல்லூரிகளில் கொண்டாடப்படும் அந்தச் சாசனம் நாய் விஷயத்தில் கொடுத்த விடுதலை இது: வெட்டு சரியாக இருக்கிறதா என்ற சோதனை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும், வெட்டப்படாத நாய் அகப்பட்டால் அபராதம் 3 ஷில்லிங், நகத்தைத்தான் வெட்ட வேண்டும், பாதத்தின் சதையைத் தொடக்கூடாது. நியூ ஃபாரஸ்ட் காட்டில் லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இரும்புச் சேண அங்கவடி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் நுழைந்துபோகிற அளவுக்குச் சின்ன நாய் என்றால் நகம் தப்பியது என்பது ஊர் வழக்கு. தன் நாய்க்கு அதிகம் சோறு போடாமல் இருக்க ஏழைக்கு அரசு தந்த ஊக்கம்.

நகமெல்லாம் பத்திரமாக இருந்த நாய்கள் பிரான்சில் பிரபுக்களின் கொட்டில்களில் இருந்தன. பிரெனே மலையடிவாரத்து ஃபுவா கோமான் காஸ்தோன், தம் அழகில் தாமே மயங்கி, சூரியக் கடவுளின் பெயரான ஃபெபுஸை ஒட்டவைத்துக்கொண்டவர். 1,600 நாய்கள் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 1388இல் அவர் அரண்மனைக்கு வந்த வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார், திரிஸ்தான், ஹெக்டர், ப்ரூன், ரோலான் என்ற நான்கு வேட்டைநாய்களைக் கையோடு பரிசாகக் கொண்டுவந்தார். 1,600 நாய் இருக்கிற வீட்டுக்கு நாலு நாயைக் கொண்டுபோவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அதைவிடத் துணிச்சலாக, தாம் எழுதிய நீண்ட காதல் காவியத்தை ராத்திரிகளில் கோமானுக்கு வாசித்தும் காட்டினார். நாய்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டன என்று அவர் எழுதவில்லை.

காஸ்தோன் 1387 முதல் 1389 வரை எழுதிய வேட்டை நூல் அதற்கப்புறம் பல தலைமுறைக்கு வேதம். அதில் நாய்க்கொட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதைப் படித்தால், அந்தக் காலத்துக் குடியானவன் நாயாகப் பிறக்க வேண்டிக்கொண்டிருப்பான் என்று தோன்றும். வெயில் படுகிற முற்றம். தினமும் மாற்றிய வைக்கோல். மழையில் நனைந்து வந்தால் காய வைக்கக் கணப்பு. கொட்டிலுக்குள் ஆங்காங்கே நட்டுவைத்து வைக்கோல் சுற்றிய குற்றிகள். ஏன் என்றால், நாய் காலைத் தூக்க ஏதாவது வேண்டும் அல்லவா. இதையெல்லாம் கவனிக்க ஏழு வயதிலேயே ஒரு பையனைச் சேர்க்க வேண்டும். அவன் நாய்கள் அத்தனையின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். குதிரைமயிரைத் திரித்துக் கயிறு செய்ய வேண்டும். இரவில் கொட்டிலுக்குள்ளேயே படுக்க வேண்டும். நாய்கள் சண்டை போட்டால் விலக்க வேண்டும். நாய்களுக்கு அந்தப் பையனின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமா என்பதைப் பற்றி நூலில் ஒன்றும் இல்லை.

வேட்டைக்காரன் சொர்க்கத்துக்குப் போவான் என்றும் காஸ்தோன் நிரூபிக்கிறார். சோம்பல்தான் பாவத்துக்கெல்லாம் தாய். வேட்டைக்காரன் விடியலுக்கு முன் எழ வேண்டும், நாள் முழுக்க ஓட வேண்டும், ராத்திரி அசதியில் தூங்கிவிடுவான். பாவம் செய்ய நேரம் ஏது? ஆகவே சொர்க்கம். நடுவூரில் இடம் இல்லாவிட்டாலும் புறநகரிலாவது கிடைக்கும் என்கிறார். இப்படி எழுதியவரின் ஒரே வாரிசான மகன், அப்பாவுக்கு நஞ்சு வைக்கப் பார்த்தான் என்ற சந்தேகத்தில் சிறையில் கிடந்து, 1380இல் அப்பாவின் கைக்கத்தி பட்டே செத்தான் என்கிறார் ஃப்ருவாசார். சந்தேகத்துக்குரிய பொடியை முதலில் தின்னவைத்துச் சோதித்தது ஒரு நாயிடம். 1391இல் கரடி வேட்டை முடித்து, சாப்பிடக் கை கழுவும்போது காஸ்தோன் சுருண்டு விழுந்து இறந்தார். புறநகரில் மனை கிடைத்ததா என்ற தகவல் இல்லை.

கணக்கு வைப்பதில் காஸ்தோனைத் தூக்கிச் சாப்பிட்டவர் நம் ஜஹாங்கீர். 12 வயதிலிருந்து 50 வயதுவரை தம் முன்னால் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532, அதில் தம் கையாலேயே கொன்றவை 17,167 என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். இந்தக் கணக்கை எழுதவே தனிக் குமாஸ்தா இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஆங்கிலேயர்களிடம் ஆசைப்பட்டுக் கேட்டது வணிக ஒப்பந்தம் இல்லை. பெரிய தலையுள்ள இங்கிலீஷ் மாஸ்டிஃப் நாய்.

முதலாம் ஜேம்ஸின் தூதர் தாமஸ் ரோ, மொகலாய தர்பாரில் 1615க்குப் பின் ஏறக்குறைய மூன்று வருஷம் கால்கடுக்க நின்றார். அவருடைய பாதிரியாராக இருந்த எட்வர்ட் டெர்ரி எழுதிவைத்தது: பல கப்பல்களில் எட்டு மாஸ்டிஃப்களை அனுப்பினார்கள், உயிரோடு வந்து சேர்ந்தவை இரண்டு. அந்த இனத்து நாய் ஒன்று தெருவில் முதன்முதலாக யானையைப் பார்த்ததும், காவலன் கையை உதறிக்கொண்டு பாய்ந்து தும்பிக்கையைக் கவ்விக்கொண்டது. யானை எவ்வளவு உதறியும் கொஞ்ச நேரத்துக்கு விடவில்லை. செய்தி கேட்ட பாதுஷாவுக்குப் பரம சந்தோஷம். யானைக்கு எப்படி இருந்தது என்று பாதிரியார் கேட்கவில்லை.

நாய் ஒன்றுக்கு நாலு பேர் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். இருவர் பல்லக்கில் வைத்துத் தூக்க. இருவர் பக்கத்தில் நடந்து ஈ விரட்ட. முறை மாற்றி முறை. பாதுஷா தம் கையாலேயே நாய்க்குத் தீனி ஊட்ட விரும்பினார். ஆனால் நாய் தொட்ட விரலோடு தர்பாருக்குப் போக முடியாது. அதற்காக வெள்ளியில் ஓர் இடுக்கி செய்யப்பட்டது. இங்கிலாந்தின் தூதர் வெயிலில் நின்றுகொண்டிருக்க, இங்கிலாந்தின் நாய் பல்லக்கில் போயிற்று. ரோ கேட்ட பெரிய ஒப்பந்தம் கடைசிவரை கையெழுத்தாகவில்லை. தூதரை விட்டுவிட்டு நாயை அனுப்பி மட்டும் பேசியிருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் போலும். ஈ விரட்டிய எட்டுப் பேரின் கை வலியை எந்த மொழியிலும் யாரும் எழுதவில்லை.

வேட்டைநாயின்மேல் வைத்த காதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர்ஃபோர்டு பிரபுவைப் பார்த்துவிட்டு நகரலாம். இங்கிலாந்தின் முதல் பிரதமர் வால்போலின் பேரன். வேட்டைநாய்களை முயலின்மேல் ஜோடியாக விட்டுப் போட்டி நடத்த 1776இல் ஸ்வாஃபம் என்ற ஊரில் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் 26 பேர்தான். காரணம், ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஆளுக்கு ஓர் எழுத்து, அவர் நாய்கள் எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தில்தான் பெயர். Z கிடைத்தவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஓடுகிற நாய்க்குத் துணிச்சல் வேண்டும் என்று கிரேஹவுண்டோடு புல்டாக்கைச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பார்த்தார்.

வண்டிக்குக் குதிரை எதற்கு என்று நான்கு கலைமான்களைப் பழக்கிப் பூட்டிக்கொண்டு நியூமார்க்கெட் பக்கம் போனார். அந்த வழியாக வந்த வேட்டைநாய்க் கூட்டம் ஒன்றுக்கு மானின் மணம் கிடைத்தது. அப்புறம் நடந்ததை நாய்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் குறையே இல்லை: மான் ஓடியது, துரத்தினார்கள். மான்களுக்குப் பின்னால் ஒரு வண்டியும், வண்டியில் ஒரு பிரபுவும் இருந்தது அவற்றுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். வழக்கமாகத் தங்குகிற சத்திரத்துக்குள் வண்டியோடு பாய்ந்ததும் வேலைக்காரர்கள் கதவை அடைத்துக் காப்பாற்றினார்கள். கடன் ஏறியபோது பிரபு தாத்தா சேர்த்துவைத்த உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை 1779இல் ருஷ்ய மகாராணி காத்தரீனுக்கு விற்றார். அவருடைய பேர்போன நாயின் பெயர் ஸாரினா, அதாவது ருஷ்ய மகாராணி. அதை மட்டும் விற்கவில்லை.

இந்தப் பழக்கம் கப்பலேறி நீலகிரிக்கும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டிக்குக் குடியேறிய துரைமார்கள் குளிர் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, குதிரை இருக்கிறது, இங்கிலாந்தில் இருப்பதில் இங்கே இல்லாதது என்ன என்று சுற்றிலும் பார்த்தார்கள். நரி வேட்டை. ஆனால் இங்கிலாந்து நரி இங்கே கிடையாது. அதனால் குள்ளநரியை நரி என்று நியமித்தார்கள். பணி நியமனம் குறித்துக் குள்ளநரியிடம் கலந்துபேசவில்லை. இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்கள் மாதக்கணக்கில் கப்பலில் வந்து, சமவெளி வெயிலைக் கடந்து, தப்பியவை மலையேறின. சிவப்புக் கோட்டு மாட்டி, கொம்பூதி, தோடர்களின் எருமைகள் வேடிக்கை பார்க்க, பின்னாளில் கவர்னர் வென்லாக் பிரபுவின் பெயர் பெற்ற புல்மேட்டில் துரத்தினார்கள்.

குள்ளநரி இங்கிலாந்து நரியின் பாடத்திட்டத்தைப் படித்ததில்லை. சோலைக்குள் நுழைந்துவிடும். புல்வெளிக்கு நடுவே பச்சையாகத் தெரிவது தரைபோலத் தோன்றும் சேறு. அது குள்ளநரிக்குத் தெரியும், மேஜருக்குத் தெரியாது. நாய்கள் காலை முழுக்கக் குரைக்கும், குதிரை இடுப்பளவு புதையும், மேஜர் நடந்து வருவார். பிடிபட்ட குள்ளநரிகளின் தலைகள் ஊட்டி கிளப் சுவரில் இருக்கின்றன. வேட்டைத் தலைவர்களின் பெயர்களும் நினைவில் இருக்கின்றன. கொட்டிலைக் கூட்டி, தீனி காய்ச்சி, முள் எடுத்து, உண்ணி பொறுக்கிய உள்ளூர்ப் பையனுக்குத் துரை வீடுகளில் ‘டாக்பாய்’ என்று பதவிப் பெயர் ஒன்று இருந்தது. இரண்டாயிரம் ஆண்டில் அவன் பெற்ற ஒரே பதவி உயர்வு, இங்கிலீஷில் கூப்பிட்டதுதான்.

மலைக்குக் கீழே கரிசல்காட்டில் இந்த மூன்று பேர் கணக்கு கொஞ்சம் சிக்கனமாக நடந்தது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் என்று நம் ஊர் வேட்டைநாய்களை ஜமீன்தார்களும் வைத்திருந்தார்கள், சம்சாரிகளும் வைத்திருந்தார்கள். சம்சாரி வீட்டில் சொந்தக்காரரும் நாய்க்காரனும் ஒரே ஆள். கம்மங்கூழைத் தானும் குடித்து நாய்க்கும் ஊற்றி, அறுவடை முடிந்த காட்டில் முயல் விரட்ட அதிகாலையில் இறங்குவார். முயல் கிடைத்தால் குழம்பு. கிடைக்காவிட்டால் அன்றைய காற்று சரியில்லை, ஈரம் சரியில்லை, பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுவந்த நாய் சரியில்லை. தன் நாய் சரியில்லை என்று எந்த மொழியிலும் எந்த நூற்றாண்டிலும் ஒருவரும் சொன்னதில்லை; செனபோன் பட்டியல் போட்டதுகூட அடுத்தவர் நாயைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலுக்கு அரசாங்க ஆதரவு கிடைத்தது. சில ஊர்களில் திருவிழாவையொட்டிப் பாரிவேட்டை என்று கிளம்புவதும், வனத்துறை வந்து அபராதம் போடுவதும் இன்னும் உண்டு. மற்றபடி வேட்டை முடிந்த கதை. 2005இல் அஞ்சல் துறை இராஜபாளையம் நாயின் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. எத்தனையோ மன்னர்களுக்கே தபால்தலை கிடைக்காத நாட்டில் இது பெரிய மரியாதை. தபால்தலையிலும் சங்கிலி பிடித்தவன் கை தெரியவில்லை.

ஆனால் அதற்கப்புறம் ஒரு நல்ல காரியம் நடந்தது. நாட்டு நாய் இனங்களுக்குப் பவிசு கூடி, சிப்பிப்பாறைக் குட்டிகள் நகரத்துக்கு வந்தன. முயலை விரட்டப் பிறந்த நாய் மூன்றாவது மாடியில், மின்தூக்கியைப் பார்த்துக் குரைக்கிறது. சொந்தக்காரர் நல்ல சம்பளக்காரர். ஆனால் பல்லக்குத் தூக்க ஆள் இல்லை, ஈ விரட்ட ஆள் இல்லை, கொட்டிலில் படுக்க ஏழு வயதுப் பையனை வைத்தால் போலீஸ் வரும். எனவே காலை ஐந்தரைக்கு அரைக்கால் சட்டையோடு அவரே இறங்குகிறார். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் பிளாஸ்டிக் பை. நாய் முன்னால் போகிறது. நின்றால் நிற்கிறார். அது காலைத் தூக்க வைக்கோல் சுற்றிய குற்றிக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரரின் காரின் சக்கரம்; அதற்கான மன்னிப்பையும் அவர்தான் கேட்கிறார். குனிந்து அள்ள வேண்டியதை அள்ளுகிறார். மழை வந்தால் நாய்க்குத் துண்டு முதலில்.

2,400 ஆண்டுகளாக யாருக்கும் தோன்றாத சமத்துவம் இப்படி வந்து சேர்ந்தது. இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் ஒன்றாகிவிட்டார்கள். வேலையோடு சேர்ந்து, பழைய நாய்க்காரனின் இன்னொரு சொத்தும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. அந்தக் குடியிருப்பில் நாயைத் தெரியாதவர் இல்லை. வாட்ச்மேன் முதல் வாண்டுகள்வரை “வீரா, வீரா” என்று கொஞ்சுகிறார்கள். அவரை எல்லாரும் வீரா அங்கிள் என்கிறார்கள். அவர் பெயர் என்ன என்று கேட்டால், பராமரிப்புத் தொகை ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.